168 மணி நேரம்: நுழைவுத் தேர்வுக்கும் பள்ளி வாழ்க்கைக்கும் ஓர் எக்ஸெல் டைம் டேபிள்

பிளஸ் ஒன் வகுப்பில் சேர்ந்த கையோடு நீட் அல்லது ஜே.இ.இ. பயிற்சி வகுப்பிலும் சேர்ப்பது இன்று பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. அதே நேரத்தில்தான் பல வீடுகளுக்குப் புதிய கம்ப்யூட்டரும் வருகிறது. "பிள்ளையின் படிப்புக்காக" என்று சொல்லித்தான் வாங்குகிறோம். ஆனால் அதில் படிப்புக்கென்று என்ன செய்வது என்பது பலருக்குத் தெரிவதில்லை. வீடியோ பாடம் பார்ப்பதோடு நின்றுவிடுகிறது.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு ஸ்பிரெட்ஷீட் பைலில் மூன்று ஷீட்கள் தயார் செய்யப் போகிறோம். முதல் ஷீட் ஒரு வாரத்தின் நேரத்தைக் காட்டும். இரண்டாவது, தேர்வு வரை உள்ள 100 வாரங்களைக் காட்டும். மூன்றாவது, மாதிரித் தேர்வு மதிப்பெண்களைக் காட்டும். இவற்றைச் செய்து முடிக்கும்போது எக்ஸெல் தொகுப்பின் அடிப்படைகளில் பாதியாவது உங்களுக்குக் கைவந்திருக்கும்.

இன்னொரு பலனும் உண்டு. "விளையாடினது போதும், போய்ப் படி" என்று அம்மா சொல்வதும், "இப்பதானே வந்தேன்" என்று பிள்ளை சொல்வதும் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இரண்டு பேரும் கணக்கு இல்லாமல்தான் பேசுகிறார்கள். கணக்கைக் கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்டால் சண்டை பாதியாகக் குறையும்.

முதலில் எந்தத் தேர்வு என்று முடிவு செய்யுங்கள்

கம்ப்யூட்டரை ஆன் செய்யும் முன் இதைப் பேசி முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் பொறியியல் படிப்புக்கான மாநில நுழைவுத் தேர்வு 2007-08 கல்வியாண்டு முதல் இல்லை. அண்ணா பல்கலைக்கழகக் கல்லூரிகளிலும் அதன் இணைப்புக் கல்லூரிகளிலும் கலந்தாய்வு மூலம் சேர பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கணக்கிடுகிறார்கள். இதுதான் உங்கள் இலக்கு என்றால் தனி நுழைவுத் தேர்வுப் பயிற்சியே தேவையில்லை. பள்ளிப் பாடமே போதும்.

என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் பொறியியல் படிக்க ஜே.இ.இ. மெயின் எழுத வேண்டும். ஐ.ஐ.டி. என்றால் அதைத் தாண்டி ஜே.இ.இ. அட்வான்ஸ்டு. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். படிப்புகளுக்கு 2017 முதல் தமிழ்நாட்டிலும் நீட் கட்டாயமாகிவிட்டது.

இந்தத் தேர்வுகள் எழுதுவோரும் பள்ளியை ஒதுக்கிவிட முடியாது. என்.ஐ.டி. சேர்க்கைக்குப் பொதுப் பிரிவினர் பிளஸ் டூவில் 75 சதவீதம் பெற்றிருக்க வேண்டும். அல்லது தங்கள் கல்வி வாரியத்தில் முதல் 20 பெர்சன்டைல் வரிசைக்குள் வர வேண்டும். நீட் எழுதுவோரும் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் தேர்ச்சி பெற்றாக வேண்டும். ஆகவே பள்ளி நேரத்தை "வீணாகும் நேரம்" என்று நினைக்க வேண்டாம். அதுவும் தயாரிப்பின் ஒரு பகுதிதான்.

என்ன தேவை?

மைக்ரோசாப்ட் எக்ஸெல் இருந்தால் போதும். இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இன்டர்நெட்டிலிருந்து இலவசமாக டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யலாம். அதில் உள்ள கால்க் என்ற புரோகிராம் எக்ஸெல் செய்யும் வேலையைச் செய்யும். விளக்கங்களை எக்ஸெலை வைத்துத் தருகிறோம். கால்க்கில் மாறும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

ஒரு குறிப்பு: செல் முகவரிகளையும் பார்முலா பெயர்களையும் இங்கே தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். நீங்கள் கீபோர்டில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான் டைப் செய்திட வேண்டும். பி2 என்றால் பி என்ற நெட்டு வரிசையில் இரண்டாவது கட்டம்.

முதல் ஷீட்: ஒரு வாரம்

எக்ஸெலைத் திறந்து புதிய ஒர்க்புக் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ1 கட்டத்தில் "நேரம்" என டைப் செய்யுங்கள். பி1 முதல் எச்1 வரை திங்கள் தொடங்கி ஞாயிறு வரை கிழமைகளை டைப் செய்யுங்கள். தமிழ் டைப்பிங் பழகாதவர்கள் ஆங்கிலத்தில் கிழமைப் பெயர் தரலாம். பி1-இல் திங்கள் என்பதை ஆங்கிலத்தில் டைப் செய்து, அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தை மவுஸால் பிடித்து எச்1 வரை இழுத்தால் மற்ற கிழமைகளைக் கம்ப்யூட்டரே நிரப்பும்.

இனி நேரம். ஏ2-இல் காலை 6:00 என்றும், ஏ3-இல் காலை 6:30 என்றும் தாருங்கள். எண்ணுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு ஆங்கிலத்தில் ஏ.எம். என்பதைப் புள்ளியில்லாமல் டைப் செய்திட வேண்டும். பிறகு இந்த இரண்டு கட்டங்களையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, மூலைச் சதுரத்தைப் பிடித்து ஏ49 வரை கீழே இழுங்கள். அரை மணி அரை மணியாக மறுநாள் அதிகாலை 5:30 வரை நிரம்பிவிடும்.

இப்போது 48 வரிசைகள், 7 நெட்டு வரிசைகள். மொத்தம் 336 கட்டங்கள். ஒவ்வொன்றும் அரை மணி என்பதால் 168 மணி நேரம். முதலிடம் பிடிக்கும் மாணவருக்கும், கடைசி வரிசை மாணவருக்கும் வாரத்துக்கு இவ்வளவுதான். கூடாது, குறையாது.

கட்டங்களில் எதை நிரப்புவது? நீண்ட வார்த்தைகள் வேண்டாம். ஒவ்வொரு செயலுக்கும் ஓர் எண் கொடுத்துவிடுவோம்.

1 - பள்ளி
2 - பயிற்சி வகுப்பு, டியூஷன்
3 - சொந்தப் படிப்பு, வீட்டுப் பாடம்
4 - தூக்கம்
5 - விளையாட்டு, நண்பர்கள், பாட்டு, படம், கதைப் புத்தகம்
6 - குளியல், சாப்பாடு, பயணம், வீட்டு வேலை
7 - இரண்டும் இல்லாதது

ஏழாவது எண்ணைப் பற்றிப் பின்னர் சொல்கிறோம். அதுதான் இந்த ஷீட்டிலேயே முக்கியமானது.

இந்த எண்களை ஜே2 முதல் ஜே8 வரையும், அவற்றின் பெயர்களைக் கே2 முதல் கே8 வரையும் டைப் செய்து வையுங்கள்.

நிறம் கொடுப்போம்

பி2 முதல் எச்49 வரை மவுஸால் தேர்ந்தெடுங்கள். ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மட்டிங் என்பதைக் கிளிக் செய்திடவும். கிடைக்கும் மெனுவில் ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், அதில் ஈக்குவல் டு எனச் செல்லவும். சிறிய டயலாக் பாக்ஸ் ஒன்று வரும். இடது பக்கம் 5 என டைப் செய்து, வலது பக்க டிராப் டவுன் மெனுவில் கடைசியில் உள்ள கஸ்டம் பார்மட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பில் டேபில் பச்சை நிறத்தைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள்.

இதே போல் மற்ற எண்களுக்கும் ஒவ்வொரு நிறம் கொடுங்கள். தூக்கத்துக்கு நீலம், சொந்தப் படிப்புக்கு மஞ்சள், ஏழுக்குச் சாம்பல் என வைத்துக்கொள்ளலாம். கால்க் பயன்படுத்துபவர்கள் பார்மட் மெனுவில் கண்டிஷனல், அதில் கண்டிஷன் எனச் சென்று இதைச் செய்யலாம்.

கூட்டல்

எல்2 கட்டத்தில் கீழ்க்காணும் பார்முலாவை டைப் செய்து எண்டர் தட்டவும்.

=கவுண்ட்இப்($பி$2:$எச்$49,ஜே2)/2

கவுண்ட்இப் என்பதை சி, ஓ, யு, என், டி, ஐ, எப் என்ற ஏழு ஆங்கில எழுத்துகளாக இடைவெளி இல்லாமல் தர வேண்டும். "இந்தக் கட்டங்களில் ஜே2-இல் உள்ள எண் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று எண்ணு" என்பது இதன் பொருள். ஒரு கட்டம் அரை மணி என்பதால் 2-ஆல் வகுக்கிறோம். டாலர் குறிகள் எதற்கு? பார்முலாவைக் கீழே இழுக்கும்போது அந்த முகவரி நகராமல் அப்படியே நிற்பதற்கு. கால்க்கில் காற்புள்ளியை ஏற்காவிட்டால் அரைப்புள்ளி போட்டுப் பாருங்கள்.

இப்போது எல்2-இன் மூலைச் சதுரத்தைப் பிடித்து எல்8 வரை இழுங்கள். எல்9-இல் =சம்(எல்2:எல்8) எனத் தாருங்கள். சம் என்பது எஸ், யு, எம் என்ற மூன்று எழுத்துகள். எல்லாக் கட்டங்களும் நிரம்பிய பிறகு இங்கே 168 வர வேண்டும். குறைவாக வந்தால் எங்கோ ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்று பொருள்.

எதை முதலில் நிரப்புவது?

பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். பள்ளியைப் போடுகிறார்கள், பயிற்சி வகுப்பைப் போடுகிறார்கள், மீதி எல்லாவற்றிலும் "படிப்பு" என்று எழுதுகிறார்கள். விளையாட்டுக்கும் தூக்கத்துக்கும் மிச்சம் மீதி கிடைத்தால் கிடைக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படிப்பட்ட டைம் டேபிள் இரண்டு வாரம்கூடத் தாங்காது.

நாம் வரிசையை மாற்றுவோம். பிளஸ் ஒன்னிலேயே தயாரிப்பைத் தொடங்குவதன் நோக்கம் வேலையைப் பரப்பி வைப்பதுதான். ஓராண்டில் செய்ய வேண்டியதை இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் முன்கூட்டித் தொடங்கியதில் என்ன பலன்? அவசரத்தை ஓராண்டுக்குப் பதில் இரண்டு ஆண்டு அனுபவிப்பதுதான் மிச்சம்.

ஆகவே முதலில் தூக்கம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் பரிந்துரைத்தது. இரவு 10 முதல் காலை 6 வரை வைத்துக்கொண்டால் 8 மணி. பி34 முதல் எச்49 வரை தேர்ந்தெடுத்து 4 என டைப் செய்து, கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி எண்டர் தட்டவும். தேர்ந்தெடுத்த எல்லாக் கட்டங்களிலும் 4 விழுந்து நீலமாகிவிடும். கால்க்கில் கண்ட்ரோலுக்குப் பதில் ஆல்ட் கீ.

இரண்டாவது பள்ளி. காலை 9 முதல் மாலை 4:30 வரை என்றால் பி8 முதல் எப்22 வரை தேர்ந்தெடுத்து, 1 தந்து, கண்ட்ரோல் எண்டர்.

மூன்றாவது விளையாட்டு. திங்கள் முதல் வெள்ளி வரை மாலை 5 முதல் 6:30 வரை. அதாவது பி24 முதல் எப்26 வரை 5. வாலிபால், பேட்மிண்டன், வீணை வகுப்பு, தெருமுனையில் நண்பர்களோடு அரட்டை என எதுவாக இருந்தாலும் சரி. வெளிச்சம் இருக்கும்போதே இதை முடித்துக்கொள்வது நல்லது. மைதானத்தை இரவு 9 மணிக்குத் தேடிப் போக முடியாது. பாடப் புத்தகத்தை எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம்.

பிறகு பயிற்சி வகுப்பு, சாப்பாடு, பயணம். கடைசியாக மிஞ்சும் கட்டங்களில் 3.

ஒரு மாதிரி வாரம்

சனி, ஞாயிறு இரு நாளும் காலை 9 முதல் 1 வரை பயிற்சி வகுப்புக்குப் போகும் ஒரு பிளஸ் ஒன் மாணவியின் வாரம் இப்படி அமையலாம்.

பள்ளி - 37.5 மணி
பயிற்சி வகுப்பு - 8 மணி
சொந்தப் படிப்பு - 27 மணி
தூக்கம் - 56 மணி
விளையாட்டு, பொழுதுபோக்கு - 16.5 மணி
மற்றவை - 23 மணி
மொத்தம் - 168 மணி

பள்ளி நாட்களில் காலை 6:30 முதல் 8 வரை, மாலை 6:30 முதல் 8:30 வரை, இரவு 9:30 முதல் 10 வரை எனத் தினமும் 4 மணி நேரம் சொந்தப் படிப்பு. சனிக்கிழமை 4 மணி, ஞாயிற்றுக்கிழமை 3 மணி. இரவுச் சாப்பாட்டுக்குக் குடும்பத்தோடு உட்கார ஒரு மணி நேரம் இருக்கிறது. சனிக்கிழமை 4 மணி, ஞாயிறு 5 மணி அவளுக்கே சொந்தம்.

பள்ளிக்கு வெளியே 35 மணி நேரப் படிப்பு. அதோடு 8 மணி நேரத் தூக்கம், 16.5 மணி நேரம் ஓய்வு. மூன்றும் ஒரே வாரத்துக்குள் அடங்குகின்றன. பயணம் அதிகம் உள்ளவர்களுக்கு இந்த எண்கள் மாறும். பள்ளிப் பேருந்தில் தினமும் இரண்டு மணி நேரம் போகிறது என்றால் அதை ஷீட்டில் மறைக்காமல் போடுங்கள். அப்போதுதான் இன்னொரு டியூஷனுக்கு இடம் இருக்கிறதா என்று தெரியும். "வேதியியலுக்கும் ஒரு டியூஷன் வைக்கலாமே" என்று யாராவது சொன்னால் ஷீட்டைத் திறந்து, எந்த நிறத்திலிருந்து எடுப்பது என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் நீலம் அல்லது பச்சை என்று வரும். அங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

நடந்தது என்ன? ஏழாம் எண்

இதுவரை செய்தது திட்டம். இனி நடந்ததைப் பார்ப்போம். கீழே ஷீட் பெயர் உள்ள இடத்தில் ரைட் கிளிக் செய்து மூவ் ஆர் காப்பி என்பதைத் தேர்ந்தெடுங்கள். கிரியேட் எ காப்பி என்ற கட்டத்தில் டிக் போட்டு ஓகே கொடுங்கள். திட்டத்தின் நகல் ஒன்று கிடைக்கும். ஷீட் பெயரில் டபுள் கிளிக் செய்து "நடந்தது" எனப் பெயர் மாற்றுங்கள்.

தினமும் இரவு படுக்கும் முன் இரண்டு நிமிடம் செலவழித்து, அன்று உண்மையில் என்ன நடந்ததோ அதன்படி எண்களை மாற்றுங்கள். இதை மாணவரே செய்ய வேண்டும். பெற்றோர் நிரப்பினால் அது வேவு பார்ப்பதாகிவிடும்.

இங்கேதான் 7 வருகிறது. புத்தகம் திறந்திருக்கிறது, கையில் போன் இருக்கிறது. வீடியோ பாடம் பார்க்கப் போய், பக்கத்தில் வந்த வேறு வீடியோவில் முக்கால் மணி நேரம் போய்விட்டது. படித்த திருப்தியும் இல்லை, விளையாடிய சந்தோஷமும் இல்லை. அந்த அரை மணிகளுக்கெல்லாம் 7 போடுங்கள்.

ஒரு வாரம் முடிந்ததும் இரண்டு ஷீட்களையும் ஒப்பிடுங்கள். திட்டத்தில் சொந்தப் படிப்பு 27, நடந்தது 19. விளையாட்டு இரண்டிலும் 16.5. ஏழாம் எண் 8. இப்படி வந்தால் என்ன தெரிகிறது? காணாமல் போன 8 மணி நேரத்தை மாலை விளையாட்டு எடுத்துக்கொள்ளவில்லை. சாம்பல் நிறம் எடுத்துக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் விளையாட்டை நிறுத்தினால் படிப்பு கூடாது, சாம்பல்தான் கூடும். களைத்துப் போன பிள்ளை புத்தகத்தின் முன் உட்கார்ந்தாலும் மனம் உட்காராது.

சாம்பலைக் குறைக்க எளிய வழிகள் உண்டு. 3 என்ற நேரத்தில் போன் வேறு அறையில் இருக்கட்டும். கம்ப்யூட்டரைக் கூடத்தில் வையுங்கள். வீடியோ பாடத்தைப் பார்க்கும் முன் எந்தப் பாடம், எத்தனை நிமிடம் என்று தாளில் எழுதி வைத்துவிட்டு உட்காருங்கள். யூடியூபில் தானாக அடுத்த வீடியோ ஓடும் ஆட்டோபிளே வசதியை ஆப் செய்துவிடுங்கள்.

இரண்டாவது ஷீட்: 100 வாரம்

கீழே உள்ள கூட்டல் குறியைக் கிளிக் செய்து புதிய ஷீட் திறங்கள். ஏ1-இல் "வாரம்", பி1-இல் "நிகழ்ச்சி", சி1-இல் "பாடம்", டி1-இல் "முடிந்தது" எனத் தலைப்புகள் தாருங்கள். ஏ2-இல் பிளஸ் ஒன் தொடங்கும் ஜூன் மாத முதல் திங்கட்கிழமையின் தேதியைத் தாருங்கள். ஏ3-இல் =ஏ2+7 எனத் தந்து, அதை ஏ101 வரை இழுங்கள். 100 வாரங்களின் தேதிகளும் வந்துவிடும். பிளஸ் டூ முடித்து மே மாதத் தொடக்கம் வரை ஏறக்குறைய இத்தனை வாரங்கள்தான் உள்ளன. 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் நீட் தேர்வு மே மாத முதல் ஞாயிற்றுக்கிழமையில்தான் நடந்தது.

தேதி டைப் செய்யும்போது ஓர் எச்சரிக்கை. சில கம்ப்யூட்டர்களில் அமெரிக்க முறை செட் செய்யப்பட்டிருக்கும். அதில் 4/5 என்றால் ஏப்ரல் 5 என்று எடுத்துக்கொள்ளும். எனவே மாதத்தை எண்ணாகத் தராமல் 4-மே என ஆங்கிலத்தில் எழுத்தாகவே தாருங்கள்.

எப்1-இல் தேர்வுத் தேதியைத் தாருங்கள். எப்2-இல் =எப்1-டுடே() எனத் தாருங்கள். டுடே என்பது டி, ஓ, டி, ஏ, ஒய். இன்னும் எத்தனை நாள் என்பதைக் கம்ப்யூட்டர் தினமும் தானே கணக்கிட்டுக் காட்டும். எண்ணுக்குப் பதில் ஏதாவது தேதி தெரிந்தால் ஹோம் டேபில் உள்ள நம்பர் பிரிவில் ஜெனரல் என மாற்றுங்கள்.

இங்கும் முதலில் பி வரிசையை நிரப்புங்கள். பொங்கல், தீபாவளி, ஊர்த் திருவிழா, அக்கா கல்யாணம், காலாண்டுத் தேர்வு, அரையாண்டுத் தேர்வு, பள்ளி விளையாட்டு விழா, ஆண்டு விழா, நாட்டு நலப்பணித் திட்ட முகாம். இவற்றுக்கென 20 வாரங்களை எடுத்து வைத்துவிடலாம். மீதி 80 வாரங்கள்.

2024 தேர்வு முதல் நடைமுறைக்கு வந்த நீட் பாடத்திட்டத்தில் இயற்பியலில் 20 அலகுகள், வேதியியலில் 20, உயிரியலில் 10. உயிரியல் அலகுகள் பெரியவை. அவற்றுக்கு அலகுக்கு இரண்டு வாரம், மற்றவற்றுக்கு ஒரு வாரம் என வைத்தால் 60 வாரங்களில் எல்லாம் முடிந்துவிடும். திருப்புதலுக்கும் மாதிரித் தேர்வுக்கும் 20 வாரங்கள் மிஞ்சும். பள்ளியில் எந்தப் பாடம் எப்போது நடக்கிறதோ அதே வரிசையில் சி வரிசையை நிரப்பினால் ஒரே படிப்பு இரண்டுக்கும் உதவும். அந்த வாரப் பாடம் முடிந்ததும் டி வரிசையில் 1 போடுங்கள். எப்4-இல் =சம்(டி2:டி101) எனத் தந்தால் 60-இல் எத்தனை முடிந்தது என்று தெரியும்.

வாரத்துக்கு 27 மணி என்றால் 80 வாரங்களுக்கு 2,160 மணி நேரம். பயிற்சி வகுப்பு இதில் சேரவில்லை. இந்த எண்ணைப் பிள்ளையும் பெற்றோரும் ஒரு முறை சேர்ந்து பாருங்கள். விளையாட்டு விழாவுக்கு முந்தைய வாரம் தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஒத்திகைக்குப் போனால் குறைவது 5 அல்லது 6 மணி. இதற்காக ஒரு பிள்ளையை ரிலே அணியிலிருந்து விலகச் சொல்வது நியாயமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நுழைவுத் தேர்வை மறு ஆண்டும் எழுதலாம். பிளஸ் ஒன் விளையாட்டு விழா ஒரு முறைதான் வரும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பிளஸ் டூ பொதுத் தேர்வு முடிந்து நீட் தேர்வு வரை உள்ள வாரங்களில் பள்ளி இருக்காது. அப்போது மஞ்சள் நிறம் கூடத்தான் செய்யும், கூட வேண்டும். பச்சை குறையலாம். ஆனால் ஒரு நாள்கூடப் பச்சையே இல்லாமல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஷீட்: மதிப்பெண்

2025-ஆம் ஆண்டு நீட் தேர்வில் 180 கேள்விகள், 180 நிமிடங்கள், 720 மதிப்பெண்கள். சரியான விடைக்கு 4 கிடைக்கும். தவறானால் 1 குறையும். இதற்கு ஒரு சிறிய ஷீட் போதும். ஏ வரிசையில் தேதி, பி-இல் சரியானவை, சி-இல் தவறானவை. டி2-இல் =180-பி2-சி2 எனத் தந்தால் விடையளிக்காமல் விட்டவை எத்தனை என்று வரும். இ2-இல் =பி2*4-சி2 எனத் தந்தால் மதிப்பெண் வரும். பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி போட வேண்டும்.

முதல் தேர்வில் 90 சரி, 60 தவறு என்றால் 300 மதிப்பெண். அடுத்த தேர்வில் அதே 90 சரி, ஆனால் தவறு 30 மட்டும் என்றால் 330. புதிதாக ஒரு வரிகூடப் படிக்காமல் 30 மதிப்பெண் கூடியிருக்கிறது. தெரியாத கேள்விகளை அடையாளம் கண்டு விடப் பழகியதால் வந்த பலன் இது. நள்ளிரவு வரை கண்விழித்தால் இந்தப் பழக்கம் வராது. தெளிந்த தலையோடு தேர்வு எழுதி, பிறகு அதே அளவு நேரம் செலவழித்துத் தவறுகளைப் பார்த்தால்தான் வரும்.

2025-இல் நீட் பிற்பகல் 2 முதல் 5 வரை நடந்தது. மாதிரித் தேர்வையும் ஞாயிறு பிற்பகல் அதே நேரத்தில் எழுதிப் பழகுங்கள். பிளஸ் ஒன்னில் மாதத்துக்கு ஒன்று போதும்.

ஜே.இ.இ. மெயின் பொறியியல் தாள் கம்ப்யூட்டரிலேயே எழுதும் தேர்வு. 2025-இல் 75 கேள்விகள், 300 மதிப்பெண்கள், 3 மணி நேரம். ஜனவரி, ஏப்ரல் என இரண்டு முறை நடந்தது. இரண்டிலும் எழுதினால் சிறந்த மதிப்பெண்ணே எடுத்துக்கொள்ளப்படும். திரையின் ஓரத்தில் கேள்வி எண்கள் வரிசையாக இருக்கும். விடையளித்தவை பச்சையாகவும், பார்த்துவிட்டு விடையளிக்காதவை சிவப்பாகவும், பின்னர் பார்க்கக் குறித்து வைத்தவை ஊதாவாகவும் மாறும். தேசியத் தேர்வு முகமையின் இணையதளத்தில் உள்ள மாதிரித் தேர்வில் இதைப் பழகிக்கொள்ளலாம். வீட்டுக் கம்ப்யூட்டரில் மவுஸ் பழகியவர்களுக்கு இதில் தடுமாற்றம் இருக்காது.

அச்சிடுதல், சேமித்தல்

பைல் மெனுவில் பிரிண்ட் சென்று, நோ ஸ்கேலிங் என இருக்கும் இடத்தில் பிட் ஷீட் ஆன் ஒன் பேஜ் எனத் தேர்ந்தெடுத்தால் வார ஷீட் முழுவதும் ஒரே தாளில் வந்துவிடும். அதை மேஜைக்கு மேலே ஒட்டி வையுங்கள். பைலை ஒரு பென் டிரைவிலும் காப்பி செய்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுக் கணக்கு ஒரே ஹார்ட் டிஸ்கை நம்பி இருக்கக் கூடாது.

பயிற்சி

1. வார ஷீட்டில் சனி, ஞாயிறு பயிற்சி வகுப்புக் கட்டங்களைக் கண்ட்ரோல் எண்டர் முறையில் நிரப்பி, எல்3-இல் 8 வருகிறதா என்று பாருங்கள்.

2. எல்2 முதல் எல்8 வரை உள்ள எண்களை வைத்து இன்செர்ட் டேபில் ஒரு பை சார்ட் வரையுங்கள். பச்சைத் துண்டு எவ்வளவு பெரியதாக இருக்கிறது என்று பாருங்கள்.

3. நான்கு வாரங்கள் "நடந்தது" ஷீட் நிரப்பிய பிறகு, அந்த நான்கு ஏழாம் எண் கூட்டல்களையும் ஒரு புதிய ஷீட்டில் வரிசையாக எழுதுங்கள். வாரா வாரம் குறைந்தால் நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள். குறையவில்லை என்றால் 27 மணி என்ற திட்டமே உங்களுக்கு அதிகம் என்று பொருள். அதை 22 ஆக்கி, அந்த 5 மணியைப் பச்சைக்கோ நீலத்துக்கோ கொடுத்துப் பாருங்கள்.